சி பிளாக்கின் ஓட்டு

அந்த வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றவர் பிளம்பர் ஒருவர்தான். மற்றவர்கள் விடுமுறை நாளுக்கே உரிய லுங்கியும் பனியனுமாக, பல் குச்சியை வாயில் வைத்தபடி, அடுத்தவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். துபாய் ஜெபல் அலியில் இருந்த எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் சாப்பாட்டு ஹால் அது. ஜெராக்ஸ் பேப்பர் வந்த அட்டைப் பெட்டிக்குப் பழுப்பு டேப் ஒட்டி, மேல்பக்கத்தில் கத்தியால் ஒரு வாய் கீறி, அதைத்தான் ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்தேன். பக்கத்தில் நான் தயாரித்த பெயர்ப்பட்டியல். பிளம்பர் தன் அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, சி பிளாக் பதினாலாம் ரூம் என்றார். பட்டியலில் அவர் பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு பக்கங்களைப் புரட்டினேன். பிறகுதான், சப்ளை ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழி விட்டார். பின்னால் நின்றவரும் சி பிளாக்தான்.

அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். நான் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப் அலுவலகத்தில் நிர்வாக வேலையில் இருந்தேன். ஷார்ஜா ரோலாவில் வீடு. விடியும் முன்பே கிளம்பி, துபாயின் நெரிசலை முழுக்கத் தாண்டி, ஜெபல் அலி போய்ச் சேர வேண்டும். எங்கள் கம்பெனிக்குக் கட்டுமான ஒப்பந்தம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது: கேம்ப்பில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சமையலறை, தண்ணீர், பஸ், துணி துவைக்கும் இடம் போன்றவற்றை அந்தக் கமிட்டி பேசித் தீர்க்க வேண்டும். யார் யாருக்கு ஓட்டு என்று மேனேஜர் கேட்டார். நம் விசாவில் இருப்பவர்களுக்கு என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தட்டியதும் மற்ற பெயர்கள் எல்லாம் மறைந்துபோயின. அரை நிமிட வேலை. மறைந்தவர்கள், ஆள் அனுப்பும் வேறொரு கம்பெனியின் விசாவில் வந்து எங்களிடம் வேலை செய்தவர்கள். அவர்களைத்தான் சப்ளை என்போம். கேம்ப்பில் மூன்றில் ஒருவர் சப்ளை. சி பிளாக் முழுக்க அவர்கள்தான்.

பிளம்பர் அரியலூர் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சவுதியில் சில வருடம், மஸ்கட்டில் சில வருடம், பிறகு இங்கே. எங்கள் கேம்ப்பில் மட்டும் மூன்று வருடமாக இருந்தார். எங்கள் சொந்த விசாக்காரர்கள் பலரைவிடப் பழைய ஆள். சைட்டில் டியூட்டி முடித்து வந்த பிறகும் சும்மா இருக்க மாட்டார். மொட்டை மாடித் தொட்டியில் மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் வழிந்தால், மெயின்டனன்ஸ் ஆள் வருவதற்குள் இவர் ஏறிச் சரிசெய்துவிடுவார். ஏ பிளாக், பி பிளாக் என்று பார்க்க மாட்டார். அதிகம் பேசாதவர். பேசினால் நிறுத்தி நிறுத்தி, சொல்வதை முழுசாகச் சொல்லி முடிப்பார்.

முதல் தேர்தலில் கமிட்டிக்கு ஏழு பேர் வந்தார்கள். தலைவர், நாங்கள் ஸ்டோர் பாய் என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவர். அதிராம்பட்டினத்துக்காரர், கம்பெனி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர், கால் நூற்றாண்டாக அதே கம்பெனி, குடும்பம் ஊருக்குத் திரும்பிய பிறகு கேம்ப்பில்தான் வாசம். கேம்ப்பில் யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலைக்கெல்லாம் இவர்தான் முன்னால் நிற்பார். இந்து, முஸ்லிம், நேபாளி என்று பார்த்ததில்லை. இதைச் சொல்லாமல் அவர் செய்த மற்றதைச் சொன்னால் நியாயமாக இராது. அவருடைய மகன் ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவன். அயர்லாந்தில் வேலைக்குப் போயிருந்தான். அந்த வருடம் அங்கே நகரசபைத் தேர்தல். அந்நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும், அந்த ஊரில் குடியிருப்பவர் என்றால் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாமாம். தன் பெயருக்கு வந்த வாக்குச்சாவடி அட்டையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பாய் அதைப் பெரிதாக அச்செடுத்து ஸ்டோர் கவுண்டரில் ஒட்டி, ஒரு வாரம் வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, ஸ்வீட்டும் கொடுத்தார். நம் பிள்ளையையும் மனுசனாக மதித்து வீடு தேடி அட்டை அனுப்பியிருக்கிறார்கள் என்று என்னிடமும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

கமிட்டி உட்கார்ந்து செய்த முதல் வேலை, சமையலறைக்கு நேரம் பிரித்தது. எங்கள் கேம்ப்பில் மெஸ் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகச் சமைத்துக்கொள்வார்கள். அடுப்புகள் குறைவு, தினமும் தகராறு. அதனால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏ பிளாக்கும் பி பிளாக்கும் மாறி மாறி, அதற்கு முன் நாலு மணியிலிருந்து சி பிளாக் என்று எழுதி ஒட்டினார்கள். பார்ப்பதற்கு ஒழுங்கான பட்டியல். நானே கையெழுத்துப் போட்டு லேமினேட் செய்து கொடுத்தேன். சி பிளாக் ஆட்களின் சைட் தூரம். அவர்களுடைய பஸ் கேம்ப்புக்குள் நுழையவே ஆறே முக்கால் ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. சி பிளாக்கில் படுத்து எழுகிறவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

ஐந்தாறு வாரம் அப்படியே போனது. அவர்கள் வாசல் கடையில் குபூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தார்கள். சிலர் விடியலில் எழுந்து சமைக்கப் பார்த்தபோது, நேரம் மீறுகிறார்கள் என்று என்னிடம் புகார் வந்தது. நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். கோடை ஏறியது. ஒருநாள் காலை சைட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே சி பிளாக் பெயின்டர் ஒருவர் மயங்கி விழுந்தார். நேபாளி, வலுவான உடம்பு. டிரைவர் பஸ்ஸை நேராகக் கிளினிக்குக்கு விட்டார். பிழைத்துக்கொண்டார். சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகிறது, இந்த உடம்போடு இந்த வெயிலில் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் என் மேசைக்கு வந்தது. என் கையெழுத்து இருந்த பட்டியலும் அதே மேசையில்தான் கிடந்தது. அன்று மதியம் என் டிபன் பாக்ஸை நான் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் சி பிளாக்குக்குப் போனேன். மூன்று வருடத்தில் சோதனைக்காக அல்லாமல் நான் அங்கே போனது அதுவே முதல் தடவை. பிளம்பர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். எல்லா அடுப்பிலும் ஏ பிளாக்காரர்களின் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையே நேரத்தை மாற்றிவிடுகிறேன், கமிட்டியிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை, மேனேஜர் கையெழுத்தே போதும் என்று சொன்னேன். மகிழ்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு:

"நீங்க மாத்திக் குடுப்பீங்க, அது நல்லதுதாங்க. நாளைக்கு நீங்க இல்லாம வேற மேடம் வருவாங்க, அவங்க திரும்ப மாத்துவாங்க. அப்ப நாங்க யார்கிட்ட போயி நிக்கிறது? எங்களுக்கு டைம் வேணாம் மேடம். ஓட்டக் குடுங்க. டைம நாங்களே கேட்டு வாங்கிக்கிறோம்."

எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் உண்மை. உதவ வந்தவளிடம் உரிமை பேசுகிறாரே என்ற கோபம். இந்தக் கேம்ப் ஓட்டில் அப்படி என்ன இருக்கிறது, ஊரில் போடுகிற ஓட்டு போதாதா என்று கேட்டேன். அதற்கும் அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"ஊராட்சித் தேர்தலுக்குன்னே லீவு சேத்து வச்சுக்கிட்டு ஒரு தடவ போனேன் மேடம். பூத்துல பேரு இல்ல. நீதான் பாரின்ல இருக்கியே, ஊர்ல இல்லாதவன்னு அடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஒரு வகையில சரிதாங்க. எங்க தெருவுல தண்ணி வருதா இல்லியான்னு எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இந்த கேம்ப்பு தண்ணி. தெரிஞ்ச எடத்துலயும் என்ன யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. ஊர்ல பாரின்காரன், இங்க சப்ளைக்காரன்."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அந்தக் கடைசி வாக்கியம் கூடவே வந்தது. மறுநாள் மேனேஜரிடம் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல, வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். கமிட்டி ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அதாவது, ஓட்டு இருப்பவர்கள் கூடி, ஓட்டு இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். சமையல் நேரத்தை அதுவரைக்கும் தற்காலிகமாக மாற்றினேன். சி பிளாக் சார்பில் பேச பிளம்பரையும் கூட்டத்துக்கு அழைத்தேன்.

கூட்டம் வழக்கம்போல ஹிந்தியில் தொடங்கியது. தமிழ் ஆட்கள் இருவர் மோதிக்கொண்டதும் பேச்சு தமிழுக்கு மாறியது. மற்றவர்களுக்காக நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் பாய் சொன்னதை இன்றைக்கும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். "யாரையும் தள்ளி வைக்கணும்னு சொல்லலம்மா. இவங்க காண்ட்ராக்ட் முடிஞ்சா பஸ் ஏறிப் போயிருவாங்க. இவங்க போட்டுட்டுப் போற ஓட்டோட பலன அனுபவிக்கிறது நாங்க. அவங்க கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தன் சொன்னா அத்தன பேரும் ஒரே ஆளுக்குப் போடுவாங்க. அப்புறம் இது யாரு கேம்ப்பு?" பத்து வருடம் மேனேஜ்மெண்டிடம் மன்றாடி வாங்கிய வசதிகள் இவை என்றும் சொன்னார். அது உண்மை. துணி காயப்போடும் கூரை முதல் குடிதண்ணீர்க் கூலர் வரை அவர் நடையாய் நடந்து வாங்கியதுதான்.

பிளம்பர் எழுந்து நின்று பேசினார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. "போறவங்கதான் பாய், எல்லாரும். விசா கேன்சல் ஆனா நீங்களும் போவீங்க. நேத்து வந்தவனுக்குக் குடுக்கச் சொல்லல. ஆறு மாசம் இங்க தங்கினவனுக்குக் குடுங்க, போதும்." நான் அதை ஹிந்தியில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாயிடம் மட்டும் பேசுவதுபோலச் சொன்னார்: "உங்க மகன் அந்த ஊரு பாஸ்போர்ட் இல்லாமலே ஓட்டு போட்டாருன்னு எங்களுக்கெல்லாம் ஸ்வீட் குடுத்தீங்க. நானும் வாங்கிச் சாப்பிட்டேன். நாளைக்குப் போறவன்தானேன்னு அந்த ஊர்க்காரங்க நெனைக்கல பாத்தீங்களா."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அயர்லாந்து அட்டையின் கதை எல்லா மொழிக்காரர்களுக்கும் தெரியும். மகன் என்ற சொல்லும், பாயின் முகமும் போதுமானதாக இருந்தன. பாய் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை தூக்கச் சொன்னேன். ஆதரவாக மூன்று கைகள் எழுந்தன. எதிராக மூன்று. பாயின் கை மேசை மேலேயே இருந்தது. அவர் கையை மெதுவாகத் தூக்கியபோது எந்தப் பக்கம் என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

"என் புள்ளைக்கு அங்க கிடைச்சதுக்கு இனிப்புக் குடுத்தேன். இவங்களுக்கு இங்க கிடைக்கக் கூடாதுன்னு எந்த வாயால சொல்றது? எழுதிக்கங்கம்மா. ஆறு மாசம்."

இதோடு கதை முடிந்திருந்தால் பிளம்பரை நான் ஒரு நல்ல போராட்டக்காரராக மட்டும் நினைவு வைத்திருப்பேன். கமிட்டியின் காலம் ஒரு வருடம்தான். அடுத்த தேர்தலுக்கான பட்டியலில், குடியிருப்பு மாதங்களைக் கணக்கிட்டு, அவர் பெயரைச் சேர்த்தேன். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய கம்பெனி அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் வேறொரு வேலைக்கு மாற்றி அல் கூஸில் ஒரு கேம்ப்புக்குக் கொண்டுபோனது. பழிவாங்கல் எதுவும் இல்லை. சப்ளை ஆட்களின் வாழ்க்கை அப்படித்தான். காலையில் சொல்வார்கள், சாயங்காலம் பெட்டியோடு பஸ்ஸில் இருக்க வேண்டும். நான் லீவில் இருந்த நாள். திரும்பி வந்தபோது பதினாலாம் ரூமில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

போன் செய்தேன். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, நான் அடிக்கவில்லை, அன்றைக்கு ஒரு டாக்சியில் வந்து போட்டுவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவருக்கே அது கிடைக்காமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சிரித்தார்.

"வேணாம் மேடம். இப்ப நான் அங்க தூங்கல. அங்க தூங்குறவங்க போடட்டும். என் பேர அடிச்சுடுங்க."

அடித்தேன். ஸ்கேல் வைத்து ஒரே கோடு. நான் முதல் தடவை அரை நிமிடத்தில் மறைய வைத்த பெயரும் அதுதான். அன்று எந்த யோசனையும் இல்லாமல் செய்ததை, இப்போது அவரே கேட்டுக்கொண்டும் செய்ய மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதே சரி. ஓட்டை அவர் பரிசாகவோ கௌரவமாகவோ கேட்டதே இல்லை. குடிக்கிற தண்ணீரைப் பற்றி, சமைக்கிற அடுப்பைப் பற்றி, அதைக் குடித்துச் சமைக்கிறவரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டுமே அவருடைய வாதம். அது தனக்கு எதிராகத் திரும்பியபோதும் அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

தேர்தல் நடந்தது. சி பிளாக்கிலிருந்து, பஸ்ஸில் மயங்கி விழுந்த அந்த நேபாளி பெயின்டர் கமிட்டிக்கு வந்தார். ஸ்டோர் பாயும் ஜெயித்தார்; சி பிளாக் ஓட்டுகள் அவருக்கும் விழுந்திருக்க வேண்டும், எத்தனை என்று தெரியாது. எல்லோரும் ஒரே ஆளுக்குக் குத்துவார்கள் என்று அவர் பயந்தது நடக்கவில்லை. சி பிளாக்குக்குள்ளேயே மூன்று பேர் போட்டி போட்டு, ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தி, பத்து நாள் கழித்துச் சேர்ந்துகொண்டார்கள். முதல் கூட்டத்தில் பெயின்டர் சமையல் நேரத்தை எடுத்தார். அரை மணி நேரம் வாக்குவாதம். சி பிளாக்குக்கு ஏழு மணியிலிருந்து இரண்டு அடுப்பு நிரந்தரமாக என்று முடிவானது. நான் முன்பு தற்காலிகமாகக் கொடுத்ததைவிட ஒரு அடுப்பு குறைவு. ஆனால் அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு புகார்கூட என் மேசைக்கு வரவில்லை.

என் மகள் ஷார்ஜாவில் பிறந்தவள். இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. பள்ளிக்கூடத்தில் குடியுரிமை, வாக்குரிமை பற்றிப் படித்த நாட்களில், நாம் எங்கேதான் ஓட்டுப் போடுவோம் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். இந்த நாட்டில் நாங்கள் விருந்தாளிகள். அதை யாரும் எங்களிடம் மறைத்ததில்லை, தெரிந்துதான் வந்தோம். ஒரு நாட்டின் படையையும் எல்லையையும் சட்டத்தையும் அந்த நாட்டு மக்களே தீர்மானிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தெரு என்பது வேறு. குப்பைத் தொட்டி எங்கே நிற்பது, பஸ் எத்தனை மணிக்கு வருவது, நடைபாதைக்கு நிழல் வேண்டுமா என்பதற்கெல்லாம் பாஸ்போர்ட்டின் நிறம் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தெருவில் நடக்கிறவருக்குத் தெரிந்தது போதும். அயர்லாந்து ஆகட்டும், அரியலூர் ஆகட்டும், வெளியிலிருந்து வந்து குடியிருப்பவருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுக் கொடுக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் கொடுக்கலாம் என்பேன். கொஞ்ச காலம் தங்கியிருக்க வேண்டும் என்று வேண்டுமானால் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். அவர்கள் போய்விடுவார்களே என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: போய்விட்டால் பெயரை அடித்துவிடலாம். அடிக்கச் சொல்லி அவர்களே போனில் சொல்லக்கூடும்.

அந்தக் கம்பெனியை விட்டு வந்து சில வருடமாகிறது. இப்போது ரோலாவிலேயே ஒரு கிளினிக்கில் வேலை. போன மாதம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க மூன்று நாள் நிறுத்த வேண்டியிருந்தது. எந்த நாட்கள் என்று குடியிருப்பவர்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார். குடும்பங்கள் மட்டும் கீழ்த்தளத்தில் கூடின. ஐந்தாம் மாடியில் ஒரு கம்பெனி எடுத்துக் கொடுத்த வீடுகளில் பேச்சிலர்கள், அதாவது குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தங்கும் தொழிலாளர்கள், இருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் அவர்கள் பெயரில் இல்லாததால் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் மேலே போய்க் கதவைத் தட்டினேன். பன்னிரண்டு பேர் இறங்கி வந்தார்கள். வார நாட்களில் நிறுத்தலாம், எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்போம் என்பது குடும்பங்களின் யோசனை. என் யோசனையும் அதுதான். சைட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ஐந்து மாடி ஏற முடியாது, சனி ஞாயிறோடு சேர்த்து நிறுத்துங்கள் என்றார்கள் பேச்சிலர்கள். கை தூக்கினோம். அவர்கள் ஜெயித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, நீங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு சொல்லாமல் போனார்.

சனிக்கிழமை ஒரு வாரத்துக் காய்கறியோடு ஆறாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறினேன். மூன்றாம் மாடியில் பையை இறக்கி வைத்து, படியிலேயே உட்கார்ந்து, பிளம்பருக்குப் போன் போட்டேன். இப்போது அவர் அஜ்மானில் ஒரு கேம்ப்பில் இருக்கிறார். மூச்சு வாங்க வாங்க முழுக்கதையையும் சொன்னேன். நானே கூப்பிட்டு, நானே தோற்றேன் என்றேன்.

"தோத்துட்டீங்களா?" என்றார். குரலில் அப்படியொரு திருப்தி. "அப்ப ஒழுங்காத்தான் நடந்திருக்கு, மேடம்."